கலைஞர்களின் உடல்நலமும் மனநலமும்: பாடகர், நாட்டியக்காரர், வாத்தியக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாக்டர்தான் எல்லா ஊரிலும் இருக்கிறாரே, கலைஞர்களுக்கென்று தனி மருத்துவம் எதற்கு?

நோய் எல்லோருக்கும் ஒன்றுதான். அது எதைப் பறிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். குரல் லேசாகக் கரகரத்தால் மற்றவர்கள் இரண்டு நாள் சமாளித்துவிடுவார்கள். பாடகருக்கோ மேல் ஸ்தாயியே போய்விடும். மோதிர விரலில் சிறு விறைப்பு இருந்தால் பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. வயலின்காரருக்கு ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் நிற்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. பரிசோதனை அறையில் ‘ஆ’ என்று சொல்லும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். மேல் பஞ்சமம் போன்ற உயர்ந்த ஸ்வரத்தில் நிற்கும்போதுதான் கோளாறு வெளிப்படும். அதனால் பாட வைத்தும் ஆட வைத்தும் வாசிக்க வைத்தும் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

1980களில் இது தனித் துறையாக உருவெடுத்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென மருத்துவர் அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்கச் சங்கம் 1989இல் தொடங்கியது. நம் ஊரில் இந்தப் பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டாம். காது-மூக்கு-தொண்டை நிபுணர், குரல் பயிற்சியாளர், எலும்பு அல்லது விளையாட்டு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மனநல மருத்துவர் ஆகியோரில், உங்கள் கலையைப் பற்றி உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை உள்ளவர் போதும். “கொஞ்ச நாள் விட்டுடுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்பவரானால் வேறொருவரைப் பாருங்கள். எதை விட வேண்டும், எத்தனை நாள், திரும்பும்போது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னால்தான் அது சிகிச்சை.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

வாத்தியத்தையே கொண்டுபோங்கள். மிருதங்கம், வயலின், வீணை எதுவானாலும் தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாசித்துக் காட்ட இடம் கேளுங்கள். முடியாவிட்டால் கைபேசியில் இரண்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்: வாசிக்கத் தொடங்கும்போது ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. முதுகும் மணிக்கட்டும் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். களைத்த உடம்பு எப்படிக் கோணுகிறது என்பது இரண்டாவது வீடியோவில்தான் தெரியும்.

பாடகர் தம் சுருதியையும், எந்த ஸ்வரத்துக்கு மேல் தடுமாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டியக்காரர் எந்த அடவில் (ஆட்டத்தின் அடிப்படை அசைவில்) வலிக்கிறது, ஆடும் தரை எப்படிப்பட்டது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒத்திகை என்று எழுதிக்கொண்டு போகலாம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் மறக்க வேண்டாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு குரலைக் கரகரப்பாக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகள் தொண்டையை வறளச் செய்யும்.

குரல் கம்மினால் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

சளி, காய்ச்சலோடு வந்த கம்மல் ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகும். பாடுவதே தொழிலானவர் இரண்டு வாரத்துக்கு மேல் பொறுக்கக் கூடாது. பாடிக்கொண்டிருக்கும்போதே, உச்சத்தில், திடீரென்று குரல் அறுந்ததுபோல் போய்விட்டால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. குரல்நாணில் ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கலாம். அந்த நிமிடமே பாடுவதையும் பேசுவதையும் நிறுத்திவிட்டு நிபுணரைப் பாருங்கள். கிசுகிசுப்பதும் வேண்டாம், எழுதிக் காட்டுங்கள். வலிக்கு ஆஸ்பிரினோ இபுப்ரூஃபனோ போட்டால் கசிவு கூடும், பாராசிட்டமால் போடலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தாமாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்ணின் மேல் ஷட்ஜத்தில் குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 392 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு கட்டையில் பாடும் ஆணின் மேல் பஞ்சமத்திலும் அதே கணக்குதான். வீங்கிய சதையை இந்த வேகத்தில் இரண்டு மணி நேரம் மோதவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

குரல்நாணில் முடிச்சு இருக்கிறது என்கிறார்கள். ஆபரேஷன்தான் வழியா?

பெரும்பாலும் இல்லை. இந்த முடிச்சு இரண்டு நாண்களிலும், அதிகமாக மோதும் இடத்தில், எதிரெதிரே வரும். காரணம் மோதல். மோதும் விதத்தை மாற்றினால் அதுவும் கரையும். குரல் பயிற்சியாளரிடம் வாரம் ஒருமுறை போய், சொன்னதை வீட்டில் தினமும் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் பலருக்கும் குரல் தெளிகிறது. பழக்கத்தை மாற்றாமல் வெட்டி எடுத்தால் முடிச்சு திரும்ப வரும். நாணில் தழும்பும் விழும்.

பெரும்பாலும் ஒரு பக்க நாணில் மட்டும் வரும் பாலிப் (சதை வளர்ச்சி), நீர்க்கட்டி இரண்டும் வேறு. அவற்றுக்குப் பல நேரம் நுண் அறுவை தேவைப்படும். வித்தியாசத்தைச் சாதாரண விளக்கொளியில் பார்த்துச் சொல்வது கடினம். நாண்களின் அதிர்வை மெதுவாக ஓடவிட்டதுபோல் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபி பரிசோதனையை அதனால்தான் கேட்டு வாங்க வேண்டும். கத்தி வைக்கச் சம்மதிக்கும் முன் இரண்டாவது நிபுணரின் கருத்தையும் கேளுங்கள்.

நாளைக்குக் கச்சேரி, தொண்டை கட்டிவிட்டது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு பாடலாமா?

மார்கழியில் மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. குரல்நாணைக் கண்ணால் பார்க்காமல் யாரும் அந்த ஊசியைப் போடக் கூடாது. வீக்கம் மட்டும்தான் என்றால், தவறவிட முடியாத ஒரு கச்சேரிக்காக, சில நாள் மருந்தை நிபுணர் கொடுக்கலாம். ரத்தக்கசிவோ கிழிசலோ இருந்தால் ஊசி வீக்கத்தைக் குறைத்து “எல்லாம் சரி” என்ற நினைப்பைக் கொடுக்கும். அந்த நம்பிக்கையில் பாடும் இரண்டு மணி நேரம் நிரந்தரத் தழும்பில் முடியலாம். ஒரே சீசனில் இரண்டாவது முறை ஊசி கேட்கும் நிலை வந்தால் குறை கச்சேரி அட்டவணையில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாடியே தீர வேண்டுமானால் சுருதியை அரைக் கட்டை இறக்குங்கள், உருப்படிகளைக் குறையுங்கள், உச்ச ஸ்தாயி உள்ளதை விடுங்கள், மிருதங்கக்காரரைத் தனி ஆவர்த்தனத்தை நீட்டச் சொல்லுங்கள். கேட்க வந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மிளகுப் பால், பனங்கற்கண்டு, ஆவி பிடிப்பது: எது பலன் தரும்?

விழுங்குவது எதுவும் குரல்நாண்மீது படாது. பட்டால் புரையேறும். மிளகுப் பாலும் கற்கண்டும் தொண்டைக்கு இதம் தரும், தாராளமாகச் சாப்பிடலாம். நாணை நேரடியாக ஈரப்படுத்துவது ஆவிதான். வெறும் வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், தைலம் போட வேண்டாம். மெந்தால் மிட்டாயும் அப்படியே: எரிச்சலை மறைத்துவிடும், பாடகர் இன்னும் அழுத்திப் பாடுவார்.

தண்ணீரைக் கச்சேரிக்குச் சற்று முன் மடக்மடக்கென்று குடித்துப் பயனில்லை, நாள் முழுவதும் பிரித்துக் குடிக்க வேண்டும். தொண்டையைச் செருமுவதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

குழாய்ப் பயிற்சியைப் பலர் அசட்டை செய்கிறார்கள், ஆனால் இது நல்ல பயிற்சி. சாதாரண உறிஞ்சுகுழாயின் நுனியை ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முக்கி, மறுமுனையை உதட்டில் பொருத்தி, குமிழி வர ‘ஊ’ என்று கீழ் ஷட்ஜத்திலிருந்து மெல்ல ஏறி இறங்குங்கள். கன்னத்தை உப்ப வேண்டாம். காலைச் சாதகத்துக்கு முன் ஐந்து நிமிடம், கச்சேரி முடிந்தபின் ஐந்து நிமிடம். நாண்கள் மென்மையாகச் சேர்வதற்கு இது பழக்கும்.

காலையில் மட்டும் குரல் தடித்திருக்கிறது, தொண்டையில் ஏதோ ஒட்டியதுபோல் இருக்கிறது. சளியா?

வயிற்று அமிலம் மேலேறுவதாக இருக்கலாம். கச்சேரி முடிந்து இரவு பத்தரைக்குக் காரசாரமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவர்களுக்கு இது அதிகம். மாலை நாலு, ஐந்து மணிக்குள் வயிறாரச் சாப்பிட்டு, கச்சேரிக்குப் பின் இட்லியோ மோர்சாதமோ கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். படுக்கும்முன் மூன்று மணி நேரம் இடைவெளி நல்லது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கித் தொல்லை கூடும்.

அரைமண்டியில் முட்டி வலிக்கிறது. ஆட்டத்தை விட வேண்டுமா?

முதலில் கால் எங்கிருந்து திரும்புகிறது என்று பாருங்கள். முட்டிகளை இரு பக்கமும் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியின் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாத அளவுக்குப் பாதத்தை மட்டும் தரையில் வைத்துத் திருப்பினால், இடையில் இருக்கும் முட்டி முறுக்கப்படுகிறது. கண்ணாடி முன் அரைமண்டியில் உட்காருங்கள். முட்டிச் சில்லுக்கு நேர் கீழே காலின் இரண்டாம் விரல் இருக்க வேண்டும். முட்டி உள்ளே சரிந்து பெருவிரல் பக்கம் விழுந்தால் பாதத்தைக் கொஞ்சம் குறைவாகத் திருப்புங்கள். இடுப்பு மூட்டின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. 180 டிகிரி எல்லோருக்கும் வராது, வரவும் வேண்டாம். இதை ஆசிரியர்கள் மனதார ஏற்க வேண்டும்.

இடுப்பின் பக்கத் தசைகளை வலுப்படுத்த: ஒருக்களித்துப் படுத்து, முட்டியை மடக்கி, குதிகால்களைச் சேர்த்தபடி மேல் முட்டியை மட்டும் தூக்கி இறக்குங்கள். இடுப்பு பின்னால் சாயக் கூடாது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து, மூன்று சுற்று, வாரம் நான்கு நாள். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும். முட்டி வீங்கினால், பாதியில் சிக்கிக்கொண்டால், படியிறங்கும்போது வாரிவிட்டால் பயிற்சியோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

தரையும் முக்கியம். சிமெண்ட் மேல் கிரானைட் போட்ட கூடத்தில் வெறுங்காலால் தட்டும்போது ஒவ்வொரு தட்டும் முழுதாகக் காலுக்கே திரும்பி வருகிறது. அதன்மேல் விரிப்பு போட்டாலும் பெரிய மாற்றமில்லை. சட்டம் அடித்து, அடியில் காற்றிடைவெளி விட்டுப் பலகை போட்ட தரைதான் அதிர்ச்சியை வாங்கும். பள்ளி நடத்துபவர்கள் செய்யும் செலவுகளில் இது முதலில் வர வேண்டும்.

முன்காலில் ஒரே இடத்தில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

எலும்பு நெடுக, கால் சூடேறியதும் குறையும் வலி பெரும்பாலும் தசையும் எலும்புறையும் சம்பந்தப்பட்டது. ஒரே விரலால் “இங்கே” என்று தொட்டுக் காட்ட முடிந்து, ஆட ஆடக் கூடி, இரவிலும் வலித்தால் எலும்பில் மயிரிழை முறிவு என்றே சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். காலைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவை ஆறு முதல் எட்டு வாரம் நிறுத்த வேண்டும். அந்நாட்களில் அபிநயம், ஹஸ்தம், உட்கார்ந்து ஜதி சொல்வது எல்லாம் செய்யலாம். வலிமாத்திரை போட்டு அரங்கேற்றத்தை முடித்துவிட நினைத்தால் மயிரிழை முழு முறிவாகும். அரங்கேற்றத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லும் தைரியம் மருத்துவருக்கு வேண்டும், அழைப்பிதழ் அச்சடித்திருந்தாலும் சரி.

ஒத்திகை தீவிரமானதும் மாதவிடாய் நின்றுவிட்டது. இது சாதாரணம்தானே?

இல்லை. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் நிறுத்தும் வேலை அதுதான். அடுத்து எலும்பு இளைக்கும். மேலே சொன்ன மயிரிழை முறிவு அடிக்கடி வரும் பெண்களிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிடின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவு), வைட்டமின் டி, தைராய்டு பார்ப்பார்கள். பெரும்பாலான நேரம் சாப்பாட்டைக் கூட்டுவதே மருந்து. “இளைத்தால்தான் மேடையில் அழகு” என்று வகுப்பில் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மிருதங்கம் வாசிக்கும்போது மணிக்கட்டு வலி, கால் மரத்துப்போகிறது.

திடீரென்று நேரத்தைக் கூட்டுவதுதான் முதல் காரணம். தினம் ஒரு மணி நேரம் வாசித்தவர் சீசனுக்காக நாலு மணி நேரம் வாசித்தால் தசைநாண் தாங்காது. வாரத்துக்குப் பத்து, இருபது சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள். 25 நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் எழுந்து நடங்கள். இரவில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து விழிப்பு வந்தால் மணிக்கட்டு நரம்பு அழுத்தமாக இருக்கலாம். மோதிர விரலும் சுண்டுவிரலும் என்றால் முழங்கை நரம்பைப் பார்க்க வேண்டும்.

சம்மணமிட்டு மூன்று மணி நேரம் உட்காரும்போது முட்டியின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்குகிறது. எழுந்தபின் பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இருக்கைக்குப் பின்பாதியில் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மெத்தை போட்டு, இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கும்படி உட்கார்ந்தால் முதுகும் நிமிரும், காலும் மரக்காது. வலது பாதத்தில் வயலின் தலையைத் தாங்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

வலியே இல்லை. ஆனால் விரல் சொன்னபடி கேட்கவில்லை.

இதை அலட்சியம் செய்யாதீர்கள், இன்னும் அதிகமாகச் சாதகம் செய்து சரிசெய்யவும் பார்க்காதீர்கள். வாசிக்கும்போது மட்டும் விரல் தானே மடங்குவது, மற்ற வேலைகளில் சரியாக இருப்பது ஃபோகல் டிஸ்டோனியாவின் அடையாளம். கோளாறு கையில் இல்லை, மூளை விரல்களைப் பிரித்தறியும் விதத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃப்ளைஷருக்கு 1960களில் வலது கை இப்படிப் போனது. பல ஆண்டுகள் இடது கைக்கென எழுதப்பட்டவற்றையே வாசித்தார். 1990களில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் கைப் பயிற்சியும் அவரை இரு கை வாசிப்புக்குத் திருப்பின. நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டிய நோய் இது.

நாதஸ்வரம், தவில்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியில் அழுத்தி ஊதும்போது வயிற்றிலும் தலையிலும் அழுத்தம் ஏறுகிறது. தொடை இடுக்கில் வீக்கம் வந்து படுத்தால் மறைந்தால் அது குடலிறக்கம். ஊதும்போது மூக்கு வழியாகக் காற்று கசிந்தால் அண்ணத்தைப் பரிசோதிக்க வேண்டும். எதிர்ப்பு மிகுந்த ஊதுகருவிகளில் கண் அழுத்தம் ஏறுவது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. 40 வயதுக்கு மேல் ஆண்டுக்கொருமுறை கண் அழுத்தம் பாருங்கள், குடும்பத்தில் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் அதற்கு முன்பே. சீவாளியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டாம். தவில்காரர்கள் புறப்பாட்டில் தோள்வாரை அவ்வப்போது மாற்றி இறுக்கிக்கொள்ளலாம். தவில் வாசிக்கக் கூடு (விரலுறை) போட்ட விரல்களில் வெடிப்பு, சீழ் இருந்தால் ஆறும்வரை கூடு வேண்டாம்.

காது இவர்களுக்கும் பறைக் கலைஞர்களுக்கும் பொதுவான கவலை. 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பஞ்சு பயன்படாது. நுரை அடைப்பான் உயர்ந்த ஒலிகளை அதிகம் விழுங்கி நாதத்தைக் கெடுக்கும். இசைக்கலைஞர்களுக்கென வரும் அடைப்பான் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். 15 டெசிபல் குறைப்பது பலருக்கும் போதும். ஆண்டுக்கொருமுறை கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், நாள் கடக்கக் கடக்க மருந்து பலிக்கும் வாய்ப்பு குறையும்.

மேடை ஏறினால் கை நடுங்குகிறது. மாத்திரை இருக்கிறதாமே?

ப்ரொப்ரனலால். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், 10 முதல் 40 மில்லிகிராம், மேடைக்கு ஒரு மணி நேரம் முன். நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும். பயத்தின் எண்ணத்தைத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் எடுக்கவே கூடாது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் குறைந்தவர்களும் சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கச்சேரி நாளில் முதன்முறையாகப் போடக் கூடாது; வீட்டில் ஒத்திகை நாளில் போட்டுப் பார்க்க வேண்டும். சக கலைஞரிடம் வாங்கிப் போடுவது ஆபத்து. மது கை நடுக்கத்துக்கு மருந்தல்ல. லயத்தை முதலில் கெடுப்பது அதுதான்.

மாத்திரையில்லாமல் செய்யக்கூடியது: நான்கு அட்சரம் (தாள எண்ணிக்கை) மூச்சை இழுத்து எட்டு அட்சரம் விடுங்கள், ஐந்து நிமிடம். கச்சேரிக்கு முன் பத்துப் பேர், இருபது பேர், ஐம்பது பேர் என்று படிப்படியாகக் கூட்டி, மேடை உடையோடு பாடிப் பழகுங்கள். பயம் வாழ்க்கையையே சுருக்கினால் உளவியல் நிபுணரிடம் சில மாதச் சிகிச்சை நல்ல பலன் தரும்.

மனச்சோர்வு பற்றி யாரிடம் பேசுவது? குருவிடம் சொன்னால் “சாதகம் பண்ணு” என்கிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பாட்டில் பிடிப்பு எல்லாம் போனால் சாதகம் போதாது, சிகிச்சை வேண்டும். சீசன் முடிந்தபின் வரும் வெறுமையும், மாதக்கணக்கில் வருமானம் இல்லாத பயமும், ஒரு விமர்சனத்தில் உடைந்துபோவதும் இந்தத் தொழிலின் நிஜங்கள்; மருத்துவர் பணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், உடனே அழையுங்கள்.

குரு-சிஷ்ய உறவில் அத்துமீறல் நடந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லித் தனியே கேட்பது மருத்துவரின் கடமை. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

விடிய விடியக் கூத்து ஆடுகிறோம். எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

பழைய முறை முகப்பூச்சில், மஞ்சள் நிற அரிதாரத்தில் ஆர்செனிக்கும் சிவப்பு நிறச் சாதிலிங்கத்தில் பாதரசமும் உண்டு; முகத்தில் இரவு முழுதும் பூசிக்கொள்ள ஏற்றவை அல்ல. புதிய பூச்சு எதுவானாலும் முந்தின நாள் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். கலைக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவி மென்துணியால் துடைத்து, பிறகு சோப்பு. கிரீடத்தின் கட்டு நெற்றியில் மட்டும் அழுத்தாமல் பின்மண்டையிலும் தாங்க வேண்டும். வேஷம் இல்லாத நேரத்தில் இருபது நிமிடம் படுங்கள். விடிந்ததும் வேனை ஓட்டுபவர் இரவு ஆடாதவராக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

செலவுக்கு என்ன வழி?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது-மூக்கு-தொண்டை, பிசியோதெரபி, மனநலம் எல்லாப் பிரிவுகளும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். வாராவாரம் போகும் குரல் பயிற்சிக்கு உதவாது. அதற்கு அரசு மருத்துவமனையே வழி. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

ஓய்வுக்குப் பின் எப்படித் திரும்புவது?

விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் திரும்பவும் அடிபடும். குரலுக்கு: முதல் வாரம் பத்து நிமிடம், நாளுக்கு இருமுறை, மத்திய ஸ்தாயியில் மட்டும். அடுத்த வாரம் இருபது நிமிடமும் மேல் ஷட்ஜமும். மூன்றாம் வாரம் வர்ணம், நான்காம் வாரம்தான் பிர்காவும் (வேகமான ஸ்வர உருட்டல்) மேல் பஞ்சமமும். நாட்டியத்துக்கு: வலியின்றி வேகமாக நடக்க முடிந்த பிறகு முதல் காலத்தில் தட்டடவு ஐந்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை வலி இல்லையென்றால் அடுத்த முறை இரண்டு நிமிடம் கூட்டலாம், வலி இருந்தால் முந்தின படிக்கு இறங்க வேண்டும். குதிக்கும் அடவுகளும் முழுமண்டியும் கடைசியில். எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று தேதியோடு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள்.